வாழைத்தண்டின் நாடி

சிவக்கொழுந்துக்கு ஐம்பத்தாறு வயது. பதினாலு பழக்கங்கள் வைத்திருந்தார்.

வைத்திருந்தார் என்றால் ஏனோதானோ என்று இல்லை. எல்லாவற்றையும் ஓலையில் வரிசையாக எழுதி, படுக்கிற இடத்தில் கண்ணுக்கு நேராகத் தொங்கவிட்டிருந்தார். கோழி கூவுவதற்கு ஒரு நாழிகை முன்னால் எழுவது. ஓடைத் தண்ணீரில் கழுத்தளவு நின்று குளிப்பது. கிழக்கே பார்த்து உட்கார்ந்து மூச்சை எண்ணுவது. விளக்குச் சுடரைக் கண்கொட்டாமல் பார்ப்பது. ஒரு கவளத்தை முப்பத்திரண்டு தடவை மெல்வது. பகலில் நான்கு நாழிகை மௌனம். இப்படியே போகும். நேரம் பார்க்க, அடியில் ஊசித்துளை போட்ட செம்பு வட்டில் ஒன்றை ஊரிலிருந்தே கொண்டு வந்திருந்தார். தண்ணீரில் மிதக்கவிட்டால் சரியாக ஒரு நாழிகையில் நிறைந்து மூழ்கிவிடும். பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பத்தில் பிறந்தவர் வேறு எப்படி இருப்பார்?

அவருடைய குரு உலகம்மைக்கு முப்பத்தெட்டு வயது. மலையடிவாரத்தில் வைத்திய வீடு நடத்தி வந்தார். குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை அம்மா என்பார். வந்து போகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அவர்கள் இருவருக்கும் அப்படித் தோன்றியதில்லை.

சிவக்கொழுந்து இங்கே வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி கோமதி காய்ச்சலில் கிடந்தாள். அடுத்த அறையில் அவர் கிரகணம் கணித்துக்கொண்டிருந்தார். கோமதி மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். தெருவில் போன தயிர்க்காரிக்குக் கேட்டிருக்கிறது, அவருக்குக் கேட்கவில்லை. கணக்கை முடித்துவிட்டு அவர் எழுந்து போனபோது கோமதி இல்லை.

ஒரு வருஷம் பித்துப் பிடித்தவர் மாதிரி இருந்தார். பிறகு, தன் மனம் சிதறிக் கிடந்ததால்தான் அந்தக் குரல் தனக்குக் கேட்கவில்லை என்று ஒரு முடிவுக்கு வந்தார். சத்தமே இல்லாத நாடியை விரலால் கேட்கப் பழகிவிட்டால் மனம் கூர்மையாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பத்து மாதம் ஆகிவிட்டது. ஒரு நாடிகூடச் சரியாகப் பிடிபடவில்லை.

மாசி கடைசியில் உலகம்மை வேர் எடுக்க மலை ஏறுவார். திரும்பி வர நாற்பது நாள் ஆகும்.

"இந்த வருசம் எனக்குப் பதிலா நீங்க வைத்தியப் பலகையில உக்காந்தா வீடு தொறந்திருக்கும், அண்ணாச்சி" என்றார் உலகம்மை. "இல்லேன்னா பூட்டிட்டுப் போயிருவேன். நீங்களும் ஊருக்குப் போயிருங்க. வராத வித்தையச் சொல்லிக் குடுக்கேன்னு உங்களை வச்சிருக்கது பாவம்."

"எத்தன நாள் இருக்கு, அம்மா?"

"பதினோரு நாள்."

சிவக்கொழுந்து நாளை விரல்விட்டு எண்ணினார். ஊரில் அவருக்கு இருப்பது இரண்டு அறை வீடு. ஒன்றில் சுவடிகள், இன்னொன்றில் கோமதியின் கட்டில்.

"பதினாலும் ஒரு நாள் விடாமச் செய்யுதேன், அம்மா. இன்னும் மனசு ஒண்ணாக் கூடல. பதினஞ்சாவதா என்ன சேக்கணும், சொல்லுங்க."

உலகம்மை சல்லடையைத் தட்டிக் கீழே வைத்தார்.

"நாளைக்குச் சொல்லுதேன்."

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கற்றுக்கொள்கிறவர்கள் நோயாளியின் முகத்தைப் பார்க்கக் கூடாது. நடுவில் திரை கட்டி, கையை மட்டும் முக்காலியில் வைத்திருப்பார்கள். மறுநாள் காலை திரை தொங்கியது.

"கையில பத்துப் போட்டிருக்கு. துணிக்கு மேலயே பாருங்க" என்றார் உலகம்மை.

சிவக்கொழுந்து வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, ஒன்பது மூச்சு எண்ணிவிட்டு, திரைக்கடியில் கையை நீட்டினார். வெதுவெதுப்பான மூலிகைச் சாந்து, மேலே துணிச் சுற்று. மூன்று விரலையும் வைத்து அழுத்தினார். ஆட்காட்டி விரலுக்கடியில் வாதம், நடுவிரலுக்கடியில் பித்தம், மோதிர விரலுக்கடியில் கபம். இதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நடுவிரலில் தண்டோரா போட்டமாதிரி அடித்தது.

"ஆம்பளை" என்றார். "அம்பது தாண்டியிருக்கும். பித்தம் தூக்கலா இருக்கு. தூக்கம் கம்மி. பச்சைத்தண்ணியில குளிக்கிற ஆளு. உள்ளுக்குள்ள ஏதோ ஒரு தவிப்பு. உயிருக்குப் பயமில்ல."

சொல்லச் சொல்ல அவர் குரலில் சந்தோஷம் ஏறியது. பத்து மாதத்தில் இப்படித் தெளிவாகப் பிடிபட்டதே இல்லை.

"வேற ஏதாவது?"

"காலையில இன்னும் சாப்பிடல."

உலகம்மை திரையை ஒதுக்கினார். முக்காலியில் சாந்து பூசி, துணி சுற்றி, முழ நீள வாழைத்தண்டு ஒன்று கிடந்தது.

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது சிவக்கொழுந்துக்கு.

"கேலி பண்ணுதீகளா, அம்மா?"

"இல்ல. நாடி இருந்துச்சு. நீங்க பொய் சொல்லல. அது யாரோடது?"

அவர் தண்டைப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். நடுவிரல் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். தண்டோரா அங்கேதான் இருந்தது.

"என்னோடது."

"போன வாரம் ஒரு பிள்ளத்தாச்சி வந்தாளே, அவளுக்கு என்ன சொன்னீக?"

"அம்பது தாண்டின ஆம்பளைன்னு."

"அதுக்கு முந்தி, ஏழு வயசுப் புள்ள?"

"பித்தம். தூக்கம் கம்மி." அவர் குரல் உள்ளே போய்விட்டது. "பத்து மாசமா என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

அவமானம் ஒரு பக்கம் இருந்தாலும், இன்னொரு பக்கம் அவருக்கு ஒரு ஆச்சரியம் தட்டியது. இவ்வளவு துல்லியமாகப் பிடிபட்டிருக்கிறதே! தூக்கம், குளியல், பசி, எதுவும் தப்பவில்லை. அப்படியானால் மனம் கூடாமலா இருந்தது?

அவர் யோசிப்பதை உலகம்மை கவனித்தார்.

"கிரகணம் கணிச்சீகளே அன்னைக்கு, மனசு அலைஞ்சுதா?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"ஒரு இம்மிகூட அலையல, அம்மா."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. இரண்டு வருஷமாக மனம் சிதறியதாகத்தான் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். உலகம்மை அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. வாழைத்தண்டைக் கழுவிச் சமையலுக்கு நறுக்கப் போனார்.

"அம்மா, பதினஞ்சாவது?"

"இனிமே திரை வேண்டாம். கையைத் தொடுறதுக்கு முன்னால, சாப்டீகளான்னு கேளுங்க. பதிலு முடியுற வரைக்கும் விரலை வைக்காதீக."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

"எத்தன நாழிகை?"

"பதிலு முடியுற வரைக்கும்."

சிவக்கொழுந்துக்கு இது ருசிக்கவில்லை. தெருவில் எதிர்ப்படுகிறவன்கூடக் கேட்கிற கேள்வி. அதற்கு அளவும் இல்லை. இருந்தாலும் குரு சொன்னதாயிற்றே என்று ஓலையில் அடியில், பொடி எழுத்தில் எழுதி வைத்தார்.

முதல் நாள் ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரிடமும் கேட்டார்.

"என்ன சொன்னாக?" என்றார் உலகம்மை சாயங்காலம்.

"எல்லாரும் ஆச்சுன்னாக."

"என்ன சாப்டாகளாம்?"

"அதச் சொல்லலியே."

"சொல்லியிருப்பாக. ஆச்சுன்னதும் நீங்க கையைப் புடிச்சிருப்பீக."

உண்மைதான். மறுநாள் இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மூக்காண்டி என்ற கிழவர் மூட்டுவலிக்கு வந்திருந்தார். ஆச்சு என்று அவர் நிறுத்தவில்லை. கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு, குழம்பில் உப்பு, உப்பு கூடியது மருமகளால், மருமகள் முன்னெல்லாம் அப்படி இல்லை, அவள் அண்ணன் வந்து சண்டை போட்டுவிட்டுப் போன நாளிலிருந்து அவளுக்குக் கை நிதானமே இல்லை என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. வட்டில் மூழ்கியதைச் சிவக்கொழுந்து பார்க்கவில்லை. மௌனத்துக்கு ஒதுக்கிய நான்கு நாழிகையில் ஒன்று அதோடு போயிற்று.

"மருமக பேரு என்ன?" என்றார் உலகம்மை அன்று சாயங்காலம்.

"அது எதுக்கும்மா நமக்கு?"

"எனக்கு வேண்டாம்."

படுத்த பிறகும் அந்த மருமகள் அவரை விடவில்லை. அண்ணன் எதற்குச் சண்டை போட்டான்? இப்போதாவது பேசிக்கொள்கிறார்களா? மூன்றாம் நாள் மூக்காண்டி தைலம் வாங்க வந்ததும் முதல் வேலையாகக் கேட்டார்.

"பேரா? பொன்னுத்தாயி. ஏன் கேக்கீக?"

"சும்மாதான்."

சும்மா இல்லை. அவருக்குத் தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளவில்லை. கிரக சஞ்சாரம் தவிர எதைப் பற்றியும் அவருக்கு இப்படி ஆவல் வந்ததில்லை. அடுத்து வருகிறவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று வாசலைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஐந்தாம் நாள் வெள்ளரிக்காய் விற்கிற ஒரு அம்மாள் வந்தாள். அவர் கேட்டதற்குப் பழைய சோறும் வெங்காயமும் என்று பதில் சொல்லிவிட்டு, "நீங்க சாப்டீகளா, சாமி?" என்று திருப்பிக் கேட்டாள்.

சிவக்கொழுந்து அவளை நிமிர்ந்து பார்த்தார். கோமதி போன பிறகு அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. வெட்கத்தோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் இல்ல, தாயி."

எட்டாம் நாள் குருவின் முன்னால் குற்றவாளி மாதிரி வந்து நின்றார்.

"அம்மா, வர்றவுக பேசிக்கிட்டே இருக்காக. பதினாலுல பத்து விட்டுப்போச்சு."

"எந்தப் பத்து?"

அவர் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். ஆறு வரை வந்தது. ஏழாவது என்ன என்று நினைவுக்கு வரவில்லை. ஓலையைப் பார்த்து வருகிறேன் என்று உள்ளே போனவருக்கு, வழியில் ஒருவர் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஓலைக்குப் போய்ச் சேரவில்லை.

ஆனாலும் நாள் நெருங்க நெருங்க அவருக்குப் பயம் வந்துவிட்டது. நாடி இன்னும் பிடிபடவில்லை. ஒன்பதாம் நாள் உலகம்மை பக்கத்து ஊருக்குப் பிரசவம் பார்க்கப் போனார். இன்றைக்கு ஒரு நாளாவது பதினாலையும் விடாமல் செய்வது என்று சிவக்கொழுந்து பிடிவாதமாக முடிவு செய்தார். இருட்டிலேயே எழுந்தார். ஓடையில் நின்றார். வட்டிலை மிதக்கவிட்டு, உள்ளறையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்து மூச்சை எண்ணினார்.

இருநூற்றுச் சொச்சத்தில் இருந்தபோது முன்கூடத்தில் ஒரு குரல் கேட்டது.

"யாரும் இருக்கீகளா?"

பெண் குரல். பலமாகக்கூட இல்லை. அவர் முன்கூடத்துக்கு வந்து நின்ற பிறகுதான் தான் எழுந்து வந்ததே அவருக்குத் தெரிந்தது. எண்ணிக்கை எதில் விட்டது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இருபது வயது இருக்கும் அவளுக்கு. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் கதிர் அரிவாள் செருகியிருந்தது.

"உக்காரு, தாயி. பேரு என்ன?"

"இசக்கியம்மா."

"சாப்டியா?"

"ஆமா."

"என்ன சாப்ட?"

"கஞ்சி."

சிவக்கொழுந்து கையை மடியிலேயே வைத்திருந்தார். பதில் முடியவில்லை என்று அவருக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. அவள் உதட்டை நாக்கால் தடவினாள். நாக்கும் காய்ந்துதான் இருந்தது. அவர் காத்திருந்தார். வெளியே ஒரு வண்டி போய், அதன் சத்தமும் ஓய்ந்தது.

"குடிச்சேன். தங்கல" என்றாள் இசக்கியம்மா. "நாலு நாளா ஒண்ணும் தங்கல. எல்லாம் போயிருது."

"வீட்ல சொன்னியா?"

"அறுப்பு நேரம், சாமி. நான் படுத்துக்கிட்டா யாரு அறுக்க?"

அதற்குப் பிறகுதான் அவள் இடது கையை வாங்கி மூன்று விரலை வைத்தார். உடனே தண்டோரா அடித்தது. இப்போது அவருக்கு அது யார் என்று தெரியும். அதை அடக்கவும் பார்க்கவில்லை, விரட்டவும் பார்க்கவில்லை. விசேஷ வீட்டில் ஓயாமல் பேசுகிற பங்காளியை ஓரமாக உட்கார வைப்பதுபோல ஒரு பக்கம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அழுத்திய விரலை லேசாக்கினார். இவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்ற ஒரே நினைப்புத்தான் இருந்தது.

வெகு நேரம் கழித்து, ஆட்காட்டி விரலுக்கடியில் ஒன்று அசைந்தது. நின்றது. மறுபடியும் அசைந்தது. நூலைவிட மெல்லிசு. அது அவருடையது இல்லை.

சிவக்கொழுந்துக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த கணமே நெஞ்சு திக்கென்றது. நின்று நின்று ஓடுகிற நாடி நல்லதற்கில்லை என்று அவருக்குத் தெரியும்.

"நீ இன்னைக்கு வீட்டுக்குப் போக வேண்டாம், தாயி."

பாயை விரித்துப் படுக்க வைத்தார். கஞ்சித் தெளிவில் உப்புப் போட்டு, ஒரு மிடறு கொடுத்துவிட்டுப் பொறுத்திருந்தார். தங்கியது. இன்னொரு மிடறு கொடுத்தார். அவள் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொன்னார். இப்படியே பொழுது சாய்ந்துவிட்டது. பதினாலில் எத்தனை மிச்சம் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

விளக்கேற்றுகிற நேரத்துக்கு உலகம்மை வந்தார். கால் கழுவிவிட்டு நேராகப் பாயருகில் உட்கார்ந்து இசக்கியம்மாவின் கையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் அசையவில்லை.

"என்ன பாத்தீக, அண்ணாச்சி?"

"வாதம் விட்டு விட்டு ஓடுது. ரொம்ப மெல்லிசு. காலையில இதவிட மோசம். உடம்புல ஈரமே இல்ல. நாலு நாளாத் தங்கல, வீட்ல தெரியாது. பேரு இசக்கியம்மா."

"நாடியில பேரும் தெரிஞ்சுதோ?"

"கேட்டேன், அம்மா."

உலகம்மையின் முகத்தில் சிரிப்பு வந்து போனது. எழுந்துபோய் மருந்துப் பெட்டியைத் திறந்தார்.

"நாளைக்கு வந்திருந்தா என் கைக்கும் எட்டியிருக்க மாட்டா" என்றார் திரும்பிப் பார்க்காமல்.

மறுநாள் சாயங்காலம் இசக்கியம்மா எழுந்து உட்கார்ந்தாள். பசிக்கிறது என்றாள். அதைக் கேட்டபோது சிவக்கொழுந்துக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! அடுக்களைக்குள் ஓடியவர் உப்பு வைத்த இடத்தையே மறந்து அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் விடிந்ததும் உலகம்மை மலைக்குப் புறப்பட்டார். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, பலகையைக் கண்ணால் காட்டினார்.

"உக்காருங்க, அண்ணாச்சி. ஆளு வர நேரமாச்சு."

சிவக்கொழுந்து உட்காரவில்லை. ஒன்பதாம் நாளிலிருந்து ஒரு கேள்வி அவர் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. கேட்காமல் விட்டால் நாற்பது நாளும் பாரம்தான்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு."

"கேளுங்க."

"அன்னைக்கே எனக்கு இந்தப் பழக்கம் இருந்திருந்தா, கோமதி கூப்புட்டது காதுல விழுந்திருக்குமா?"

உலகம்மை மூட்டையை இறக்கிக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு அவுக சாப்டிருந்தாகளா, அண்ணாச்சி?"

கிரகணம் பிடித்த நாழிகை சிவக்கொழுந்துக்குத் தெரியும். விட்ட நாழிகை தெரியும். இடையில் எத்தனை வினாடி என்று இப்போது கேட்டாலும் சொல்வார்.

கோமதி அன்றைக்குச் சாப்பிட்டாளா என்பது மட்டும் தெரியாது.